காயத்துக்குப் பின் களம்: மூத்த ஹாக்கி ஆட்டக்காரர்களின் மீள்வருகையும் விடை பெறாத கேள்விகளும்

காயம்பட்டு விலகிய மூத்த ஆட்டக்காரர் மீண்டும் களமிறங்க முடியுமா, முடிந்தாலும் இறங்குவது தகுமா என்ற கேள்விக்கு ஏறத்தாழ ஒன்றரை நூற்றாண்டாக விடை சொல்லப்பட்டு வருகிறது. எலும்பு வைத்தியர்கள் ஒன்று சொன்னார்கள். அறுவை மருத்துவர்கள் அதைத் திருத்தினார்கள். இயன்முறை மருத்துவர்கள் இரு தரப்பையும் திருத்தினார்கள். அணித் தேர்வாளர்களோ இவர்களில் யாருக்கும் காத்திராமல் தங்கள் விடையைப் பெயர்ப் பட்டியலாகவே வெளியிட்டுவந்தார்கள்.

கேள்வியில் உள்ள ‘மூத்த’ என்ற சொல்லே முதல் சிக்கல். கனடாவின் ஐஸ் ஹாக்கி வீரர் கோர்டி ஹோவ் 52 வயதிலும் ஆடிக்கொண்டிருந்தார். இந்திய மகளிர் ஹாக்கி அணித் தலைவராக இருந்த ராணி ராம்பால் 2024 அக்டோபரில் ஓய்வை அறிவித்தபோது அவருக்கு வயது 29. ஆனால் 14 வயதிலேயே இந்திய அணிக்கு ஆடத் தொடங்கியவர் அவர். ஆகவே விளையாட்டில் மூப்பு என்பதைப் பிறந்த ஆண்டை மட்டும் வைத்துச் சொல்லிவிட முடியாது. மூட்டுகள் எத்தனை பருவம் உழைத்திருக்கின்றன, எத்தனை முறை பழுதுபார்க்கப்பட்டிருக்கின்றன என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். இக்கட்டுரையில் அச்சொல் இந்தப் பொருளிலேயே ஆளப்படுகிறது.

தெற்கத்தி வாசகருக்கு இது தொலைதூரத்துக் கேள்வியாக இருக்க வேண்டியதில்லை. பட்டாசு ஆலைகள் உள்ள அச்சங்குளம், சாத்தூர் வட்டாரத்துக்குத் தெற்கே, நெடுஞ்சாலையில் அடுத்த பெரிய ஊரான கோவில்பட்டி தமிழகத்தின் ஹாக்கி ஊர்களில் முதன்மையானது. லட்சுமி அம்மாள் நினைவு அகில இந்திய ஹாக்கிப் போட்டி நடப்பது அங்கேதான். 2022-இல் ஜகார்த்தாவில் நடந்த ஆசியக் கோப்பையில் இந்தியாவுக்காக முதன்முதலாக ஆடிய மாரீஸ்வரன் சக்திவேல் அந்த மண்ணிலிருந்து வந்தவர். மண்தரையில் ஆடப் பழகி, செயற்கைப் புல்தரைக்கு மாறிய தலைமுறைகள் அவ்வூரில் உண்டு. ஒலிம்பிக் ஹாக்கி 1976-இல் மான்ட்ரியாலில் செயற்கைத் தரைக்கு மாறியதிலிருந்து ஆட்டம் வேகமெடுத்தது. குனிந்து ஓடி, சட்டென்று நின்று, திரும்புவதன் சுமையை முழங்காலும் தொடையின் பின்தசையும் கீழ்முதுகும் ஏற்க வேண்டியதாயிற்று. மூத்தவர்களைப் பெரும்பாலும் வீழ்த்துவதும் இவ்விடங்களில் ஏற்படும் பழுதுதான்.

ஓய்வா, அசைவா

முதல் பெரிய வழக்கு ஓய்வுக்கும் அசைவுக்கும் இடையே நடந்தது. லிவர்பூலில் மருத்துவம் பார்த்த ஹியூ ஓவன் தாமஸ், அடிபட்ட மூட்டுக்கு இடைவிடாத, நீண்ட, கட்டாய ஓய்வு வேண்டும் என்று 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வலியுறுத்தினார். எலும்பு கட்டும் நாட்டு வைத்தியப் பரம்பரையில் பிறந்து முறையான மருத்துவப் படிப்புக்குள் வந்தவர் அவர். அதே காலத்தில் பிரான்சின் லூக்கா-சாம்பியோனியேர் நேர்மாறாகச் சொன்னார்: முறிந்த உறுப்பையும் அளவோடு அசைக்க வேண்டும், அசையாத மூட்டு இறுகிப்போகும், தசை கரையும்.

நீண்ட காலம் வென்றது தாமஸின் கட்சியே. மாவுக்கட்டு போட்டு ஆறு வாரம் அசையாமல் கிடப்பதுதான் சிகிச்சை என்ற எண்ணம் மருத்துவமனைகளிலும் வீடுகளிலும் ஊறிப்போனது. தமிழ்நாட்டின் எலும்பு முறிவு வைத்தியசாலைகளிலும் புத்தூர் கட்டிலும் மூங்கில் பத்தையும் பச்சிலையும் வைத்துக் கட்டுவது அடிப்படையில் இதே கொள்கைதான். சுளுக்கு வழிப்பவரோ முதல் நாளே கையை வைத்து அசைத்துவிடுவார். ஓர் ஊரிலேயே இரண்டு கட்சியும் பக்கத்துப் பக்கத்துத் தெருவில் இருந்திருக்கின்றன.

திருப்பம் 1990-இல் வந்தது. அமெரிக்க அறுவை மருத்துவர் டொனால்ட் ஷெல்போர்ன், முழங்காலின் முன்சிலுவைத் தசைநாரைச் சீரமைத்த நோயாளிகளைத் தொடர்ந்து கவனித்தபோது வேடிக்கையான ஒன்றைக் கண்டார். சொன்ன கட்டுப்பாட்டை மீறிச் சீக்கிரமே காலை நீட்டி மடக்கி நடந்தவர்கள், சொற்படி கிடந்தவர்களைவிட நன்றாகத் தேறினார்கள். மருத்துவ வரலாற்றில் கீழ்ப்படியாத நோயாளிகள் ஆசிரியர்களான அபூர்வத் தருணங்களில் இது ஒன்று. அவர் வகுத்த விரைவு மறுவாழ்வு முறை பின்னர் வழக்கமாகிவிட்டது.

அசைவுக் கட்சியின் பலவீனம் அதன் வெற்றிக்குள்ளேயே இருந்தது. சீக்கிரம் நடக்கலாம் என்பது சீக்கிரம் ஆடலாம் என்று புரிந்துகொள்ளப்பட்டது. நடை மீண்டுவிட்டதாலேயே தசைநார் முதிர்ந்துவிட்டது என்று ஆகிவிடாது. பொருத்தப்பட்ட நார் உயிருள்ள திசுவாக உருமாறப் பல மாதம் பிடிக்கிறது. அந்த வேலை வெளியே தெரிவதில்லை.

அறுவை சிகிச்சை தந்த நம்பிக்கை

இரண்டாவது நிலைப்பாடு அறுவை அறையிலிருந்து வந்தது. 1974-இல் லாஸ் ஏஞ்சலிஸில் பிராங்க் ஜோப் என்ற மருத்துவர், டாமி ஜான் என்ற 31 வயது பேஸ்பால் வீச்சாளரின் கிழிந்த முழங்கைத் தசைநாருக்குப் பதிலாக மற்றொரு கையின் தசைநாணை எடுத்துப் பொருத்தினார். அதுவரை அந்தக் காயம் தொழிலின் முடிவு. டாமி ஜான் 1976-இல் திரும்பிவந்து, அதற்குப் பிறகு மட்டும் 164 ஆட்டங்களில் வென்று, 1989 வரை ஆடினார்.

ஐஸ் ஹாக்கியில் இதற்கு இணையாகச் சொல்லப்படுவது டெட்ராய்ட் அணித் தலைவர் ஸ்டீவ் யைசர்மனின் கதை. தேய்ந்துபோன முழங்காலோடு 2002-இல் ஒலிம்பிக் தங்கமும் ஸ்டான்லி கோப்பையும் வென்ற அவருக்கு, அந்த ஆண்டு ஆகஸ்ட்டில் காலெலும்பை வெட்டிக் கோணத்தைத் திருத்தும் அறுவை செய்யப்பட்டது. பொதுவாக, மூட்டு தேய்ந்த முதியவர்கள் வலியின்றி நடப்பதற்காகச் செய்யப்படும் சிகிச்சை அது. யைசர்மன் 37 வயதில், 2003 பிப்ரவரியில், மீண்டும் சறுக்குக் காலணி மாட்டினார்; 2006 வரை ஆடினார்.

இத்தகைய கதைகள் உண்மையானவை. ஆயினும் இவற்றை வைத்துப் பொதுவிதி எழுதுவதில்தான் பிழை நேர்கிறது. திரும்பியவர்களின் பெயர்கள் நினைவில் நிற்கின்றன. திரும்பாதவர்களின் பெயர்களை யாரும் தொகுப்பதில்லை. இந்தக் குறையை ஓரளவு போக்கியது, கிளேர் ஆர்டெர்னும் கூட்டாளிகளும் 2014-இல் வெளியிட்ட தொகுப்பாய்வு. முன்சிலுவைத் தசைநார் சீரமைப்புக்குப் பிறகு ஏதோ ஒரு விளையாட்டுக்குத் திரும்பியவர்கள் 81 விழுக்காடு. காயத்துக்கு முந்தைய நிலையை எட்டியவர்கள் 65 விழுக்காடு. போட்டி அளவிலான ஆட்டத்துக்குத் திரும்பியவர்கள் 55 விழுக்காடு. கத்தியால் மூட்டைச் சரிசெய்ய முடிகிறது; ஆட்டம் பாதிப்பேருக்கு மட்டுமே முழுதாக மீள்கிறது என்று இதைப் படிக்கலாம்.

அதே ஆய்வில் மூத்தவர்கள் தொடர்பான ஒரு செய்தியும் உண்டு. இளவயதினரே திரும்பும் வாய்ப்பு மிகுதி. ஆனால் திரும்பியபின் மறுபடியும் நார் கிழிவது பற்றிய ஆய்வுகள் வேறு திசையைக் காட்டுகின்றன: 25 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களிடம்தான் இரண்டாம் காயம் அதிகம். மூத்தவர் திரும்புவது குறைவு, திரும்பினால் மறுபடி உடைவதும் குறைவு என்று இரண்டையும் இணைத்துச் சொல்லத் தோன்றும். அப்படிச் சொல்லுமுன் ஒன்றைக் கவனிக்க வேண்டும். மூத்தவர்கள் குறைந்த நேரமே ஆடுவதால் குறைவாகக் காயப்படுகிறார்களா, நிதானத்தால் தப்பிக்கிறார்களா, அல்லது தேறியவர்கள் மட்டுமே எண்ணிக்கைக்குள் வருகிறார்களா என்பது இன்னும் பிரித்தறியப்படவில்லை.

நாட்காட்டியும் தேர்வும்

‘எத்தனை மாதம்?’ என்பதே ஆட்டக்காரரின் குடும்பமும் பத்திரிகையாளரும் முதலில் கேட்பது. ஆறு மாதம் என்ற எண் நெடுங்காலம் சொல்லப்பட்டது. 2016-இல் வெளியான டெலாவேர்-ஓஸ்லோ ஆய்வு அதை அசைத்தது: ஒன்பதாம் மாதம்வரை, களம் திரும்புதலை ஒவ்வொரு மாதம் தள்ளிப்போடும்போதும் மறுகாயத்தின் அளவு பாதியாகக் குறைந்தது. ஒன்பது மாதத்துக்குப் பிறகு அந்த ஆதாயம் தெரியவில்லை. ஆய்வில் இருந்தவர்கள் நூற்றுக்குச் சற்று மேற்பட்டவர்களே என்பதால் எண்ணை அப்படியே கல்வெட்டாக்கத் தேவையில்லை. ஆனால் அதன் போக்கு பரவலாக ஏற்கப்பட்டுவிட்டது.

நாட்காட்டிக்கு எதிராக நிற்பது தகுதித் தேர்வு. காயம்பட்ட காலின் வலிமை நல்ல காலோடு ஒப்பிட எவ்வளவு, ஒற்றைக் காலில் தாவும் தூரம் எவ்வளவு என்று அளந்து, வரம்பை எட்டினால் மட்டும் அனுமதிப்பது அது. இதில் மூத்தவர்களுக்கென ஒரு பொறி உண்டு. நீண்ட காலம் ஆடியவரின் ‘நல்ல கால்’ பெரும்பாலும் நல்ல கால் அல்ல. அதுவும் எப்போதோ பழுதானது. இரண்டு கால்களும் சமமாகத் தளர்ந்திருந்தால் தேர்வில் தேறிவிடலாம்.

தலைக்காயத்தில் இந்த விவாதம் வேறு வழியில் முதிர்ந்தது. 2001-இல் வியன்னாவில் உலக ஐஸ் ஹாக்கிக் கூட்டமைப்பு, கால்பந்துக் கூட்டமைப்பு, ஒலிம்பிக் குழு ஆகியவை சேர்ந்து மூளை அதிர்ச்சி பற்றிய முதல் மாநாட்டைக் கூட்டின. படிப்படியாகத் திரும்பும் முறை அங்கேதான் சர்வதேச உடன்பாடாக உருப்பெற்றது: அறிகுறி தணிந்தபின் மெல்லிய பயிற்சி, பிறகு தனிப்பயிற்சி, மோதலுள்ள பயிற்சி, கடைசியில் ஆட்டம். ஒரு படியில் தலைவலி மீண்டால் கீழ்ப்படிக்கு இறங்க வேண்டும். ஐஸ் ஹாக்கி வீரர் சிட்னி கிராஸ்பியின் வரலாறு இதன் கடினத்தைக் காட்டும். 2011 ஜனவரியில் அடிபட்ட அவர் நவம்பர் 21 அன்று திரும்பி, அன்றே இரண்டு கோல் அடித்து, எட்டே ஆட்டங்களில் மீண்டும் வெளியேறி, 2012 மார்ச்சில்தான் உறுதியாக வந்தார். அவருக்கு அப்போது 24 வயது. மூளை அதிர்ச்சிக்கு முழங்காலைப் போலத் தாவியளக்கும் சோதனை கிடையாது. ஆட்டக்காரர் சொல்லும் அறிகுறியையே பெரிதும் நம்ப வேண்டியிருக்கிறது. திரும்பத் துடிப்பவர் எதைச் சொல்வார், எதை மறைப்பார் என்பது தனிக் கேள்வி.

இந்திய ஹாக்கியில் காத்திருப்பு பலன்தந்த வழக்கு பி. ஆர். ஸ்ரீஜேஷ். 2017-இல் சுல்தான் அஸ்லான் ஷா கோப்பைப் போட்டியில் முழங்காலில் காயம்பட்டபோது அவருக்கு 28 வயது. ஏறக்குறைய எட்டு மாதம் கழித்து, 2018 ஜனவரியில் நியூசிலாந்தில் திரும்பினார். 2021-இல் டோக்கியோவில் வெண்கலம், 2024-இல் பாரிஸில் மீண்டும் வெண்கலம். 36 வயதில் அங்கேயே விடைபெற்றார். அவர் கோல்காப்பாளர் என்பதை இதில் விட்டுவிட முடியாது. கோல்காப்பாளர் நடுக்கள வீரரைப் போலத் தொடர்ந்து ஓடுவதில்லை. மட்டையின் கோணத்தைப் படிக்கும் அறிவு ஆண்டு ஏற ஏறக் கூடும். ஆகவே அவரை எடுத்துக்காட்டி முன்கள வீரரை ஊக்குவிப்பது பாதி நியாயமே.

திரும்பியது யார்

இதுவரையான விடைகள் எல்லாம் ‘திரும்புதல்’ என்பதற்குப் பொருள் தெரியும் என்று எண்ணிக்கொண்டவை. 2015-இல் சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரில் கூடி, மறு ஆண்டு வெளியிடப்பட்ட இயன்முறை மருத்துவர்களின் உடன்பாட்டறிக்கை அந்தச் சொல்லைப் பிரித்தது. பயிற்சியில் பங்கேற்கத் திரும்புவது ஒன்று. தன் விளையாட்டுக்குத் திரும்புவது இரண்டு. பழைய ஆற்றலோடோ அதைக் கடந்தோ ஆடத் திரும்புவது மூன்று. எளிய பிரிப்புதான். ஆனால் இதன்வழியே பார்த்தால் பழகிய கதைகள் வேறாகத் தெரிகின்றன.

கிரிக்கெட்டில், சேலம் சின்னப்பம்பட்டியின் வேகப்பந்து வீச்சாளர் டி. நடராஜன் 2020-21 ஆஸ்திரேலியப் பயணத்தில் மூன்று வகை ஆட்டங்களிலும் இந்தியாவுக்காக அறிமுகமானார். 2021 ஏப்ரலில் முழங்கால் அறுவை. அதன்பின் ஐபிஎல்லில் 2022-இல் 18 விக்கெட், 2024-இல் 19 விக்கெட். ஆனால் 2021 மார்ச்சில் புனேயில் இங்கிலாந்துக்கு எதிராக ஆடியதற்குப் பிறகு 2025 வரை இந்திய அணிக்கு ஆடவில்லை. அவர் மீண்டாரா என்றால், பெர்ன் அளவுகோலில் இரண்டாம் படி ஐயமற்றது. மூன்றாம் படி எந்த அணியை வைத்து அளக்கிறோம் என்பதைப் பொறுத்தது.

லட்சுமிபதி பாலாஜியின் வழி இன்னும் கவனிக்கத்தக்கது. 2004 பாகிஸ்தான் பயணத்தில் பெயர் பெற்ற அவர் முதுகெலும்பில் அழுத்த முறிவு கண்டு நீண்ட காலம் ஒதுங்க நேர்ந்தது. பழைய வீச்சுமுறையோடு முதுகு ஒத்துவராது என்பதால் வீசும் முறையையே மாற்றிக்கொண்டார். 2008-இல் ஐபிஎல்லின் முதல் ஹாட்ரிக் அவருடையது. 2009-இல் இந்திய ஒருநாள் அணி, 2012-இல் இருபது ஓவர் உலகக்கோப்பை. ஆனால் டெஸ்ட் பந்துவீச்சாளராக அவர் திரும்பவில்லை. திரும்பிவந்தது வேறொரு பாலாஜி. குறைந்த ஓவர், மெதுபந்து, சமயோசிதம்.

ஹாக்கியில் சந்தீப் சிங். 2006 ஆகஸ்ட் 22 அன்று உலகக்கோப்பைக்குப் புறப்பட்ட வழியில், சதாப்தி ரயிலில் பாதுகாவலரின் துப்பாக்கி தவறுதலாக வெடித்ததில் இடுப்பில் குண்டடிபட்டு, சக்கர நாற்காலியில் இருந்து எழுந்து வந்தவர். 2009-இல் அணித் தலைவர். 2012 ஒலிம்பிக் தகுதிச்சுற்று இறுதியில் பிரான்ஸுக்கு எதிராக ஐந்து கோல். வயதால் அவர் மூத்தவர் இல்லை, காயமும் ஆட்டத்தில் பட்டதில்லை. என்றாலும் அவர் மீண்ட விதம் இங்கே பொருந்துகிறது: பெனால்டி கார்னரில் பந்தை இழுத்தடிக்கும் ஒற்றைத் திறன் அவருக்கு அணியில் இடத்தை உறுதிசெய்தது. மூத்த ஆட்டக்காரருக்கு அணியில் இடம் வாங்கித்தருவது முழு ஆட்டம் என்பதைவிட, வேறு யாரிடமும் இல்லாத ஒரு துண்டு ஆட்டம் என்பதே பெரும்பாலும் நடப்பு.

கோர்டி ஹோவும் விட்ட இடத்துக்கு நேரே திரும்பவில்லை. 1971-இல் மணிக்கட்டு வலியோடு 43 வயதில் ஓய்வு பெற்றவர், 1973-இல் புதிதாகத் தோன்றிய போட்டி லீகில் தன் இரு மகன்களோடு ஹூஸ்டன் அணியில் சேர்ந்து, முதல் பருவத்திலேயே சிறந்த வீரர் விருது பெற்றார். விட்டுப்போன லீகுக்கு 1979-இல்தான் மீண்டார். அந்தப் பருவத்தின் 80 ஆட்டங்களையும் ஆடினார். மரியோ லெமியூ மட்டும் இந்த விதிக்குள் அடங்காதவர். முதுகு அறுவை, புற்றுநோய், ஓய்வு எல்லாம் கடந்து 2000 டிசம்பர் 27 அன்று 35 வயதில் திரும்பி, 43 ஆட்டங்களில் 76 புள்ளி எடுத்தார். அணியின் உரிமையாளரும் அவரே என்பதால், அவரைச் சேர்ப்பதா என்று முடிவெடுக்கும் சங்கடம் யாருக்கும் இருக்கவில்லை.

ஆட்ட விதிகளும் இதில் சேரும். ஐஸ் ஹாக்கியில் ஒரு வீரர் ஒரு நிமிடத்துக்கும் குறைவாக ஆடி இருக்கைக்குப் போகிறார். ஹாக்கியிலும் 1990-களில் எத்தனை முறையும் ஆள்மாற்றலாம் என்ற விதி வந்தது. 2014-க்குப் பிறகு சர்வதேசப் போட்டிகள் 15 நிமிடக் கால்பகுதிகளாயின. முன்பு 35 நிமிடம் தொடர்ந்து ஓடியாக வேண்டிய மூத்தவர் இப்போது சில நிமிடத் தவணைகளில் ஆடலாம். ஆனால் அந்தத் தவணைகளில் வேகம் கூடியிருக்கிறது; தொடைத்தசைக்கு இது சலுகையா தண்டனையா என்று உறுதியாகச் சொல்ல இயலாது.

மனத்தைப் பற்றிய விளக்கங்கள்

இறப்பை எதிர்கொள்வோர் பற்றி எலிசபெத் கூப்ளர்-ராஸ் 1969-இல் சொன்ன ஐந்து கட்டங்களைக் காயம்பட்ட ஆட்டக்காரர்மீது பொருத்திப் பார்த்தது முதல் முயற்சி. மறுப்பு, கோபம் என்று வரிசையாகக் கடந்து ஏற்புக்கு வருவார் என்றது அது. வரிசை பெரும்பாலோரிடம் காணப்படவில்லை. சாவும் சிலுவைத் தசைநாரும் ஒன்றில்லை என்ற எளிய எதிர்ப்பும் எழுந்தது. பின்னர் 2008-இல் கேட் வெப்ஸ்டரும் கூட்டாளிகளும் உளத்தயார்நிலையை அளக்கும் வினாநிரலை உருவாக்கினர். அதில் தேறாதவர்கள் உடல் தேறியும் திரும்பாதிருப்பது பல ஆய்வுகளில் தெரிகிறது. அச்சம் தடையா, உடல் தரும் சரியான எச்சரிக்கையா என்பதை வினாநிரலால் சொல்ல முடியாது. நாற்பதை நெருங்கும் ஒருவரின் தயக்கத்தை நோயாகக் கருதுவதில் கவனம் வேண்டும்.

யார் முடிவு, யார் செலவு

களம் திரும்பும் முடிவை மருத்துவர் எடுப்பதா, ஆட்டக்காரர் எடுப்பதா, அணி நிர்வாகம் எடுப்பதா என்ற கேள்விக்கு, மூவரும் சேர்ந்து எடுப்பதே நல்லது என்ற விடை இப்போது நூல்களில் நிலைபெற்றிருக்கிறது. திசுவின் நலம், ஆட்டத்தின் ஆபத்து, ஏற்கத்தக்க ஆபத்தின் அளவு என்று மூன்று அடுக்காகப் பார்க்கும் முறை அதற்குத் துணை. தாளில் நன்றாக இருக்கிறது. மூவருக்கும் சம பலம் இருந்தால்தான் அது நடக்கும்.

ராணி ராம்பால் டோக்கியோவில் இந்தியாவை நான்காம் இடத்துக்குத் தலைமையேற்று நடத்தியபின் காயத்தால் விலகினார். 2022 உலகக்கோப்பையும் காமன்வெல்த் போட்டியும் அவரில்லாமல் நடந்தன. 2023 ஜனவரியில் தென்னாப்பிரிக்கப் பயணத்துக்கு அழைக்கப்பட்டார். அது நிலையான இடமாகவில்லை. அவர் இல்லாத நாட்களில் அணி வேறு வடிவத்துக்கு மாறியிருந்தது. மருத்துவ நூல்கள் சொல்லாத உண்மை இதுதான்: காயம்பட்டவர் திரும்பும்போது, விட்டுப்போன இடம் அங்கே காத்திருப்பதில்லை.

தமிழ்நாட்டு ஹாக்கியில் இதற்குச் சொந்தப் பொருளாதாரம் ஒன்று உண்டு. கோவில்பட்டி விளையாட்டு விடுதியிலோ ஊர்க் கழகத்திலோ தொடங்கும் இளைஞரின் இலக்கு பெரும்பாலும் சென்னையில் ஒரு வேலை: தெற்கு ரயில்வே, இந்தியன் ஓவர்சீஸ் வங்கி, வருமான வரித்துறை, காவல்துறை ஆகிய அணிகளில் ஒன்று. வேலை கிடைத்தபின் பெரிய காயம் வந்தால் மேசை வேலை இருக்கும். அவர் திரும்ப வேண்டிய கட்டாயம் தளர்கிறது. வேலை கிடைக்குமுன் காயம் வந்தால் நிலைமை தலைகீழ். அரைகுறையாகத் தேறியே தேர்வுக்கு ஓடுவார். ஆகவே இங்கு மூத்தவர் அவசரப்படாமல் விலகிப்போவதும், இளையவர் ஆபத்தோடு திரும்புவதும் ஒருங்கே நடக்க இடமுண்டு. கோடிக்கணக்கான ஒப்பந்தங்கள் உள்ள வட அமெரிக்க ஐஸ் ஹாக்கியில் மூத்தவரே கடைசிப் பருவத்தின் ஊதியத்துக்காகத் திரும்புகிறார். இரு களங்களின் எண்களைக் கலந்து சராசரி காண்பது தவறான பாடத்தையே தரும்.

லடாக் மூன்றாவது வகை. இந்திய மகளிர் ஐஸ் ஹாக்கி அணியின் முதுகெலும்பு அங்கிருந்து வருகிறது. 2025-இல் அல் ஐனில் நடந்த ஆசியக் கோப்பையில் வெண்கலம் வென்ற அணி அது. இயற்கைப் பனி உறையும் குளிர்கால வாரங்களே அங்கே ஆட்டக்காலம். ஒன்பது மாதக் காத்திருப்பு என்று மருத்துவர் சொன்னால் அது ஒரு முழுப் பருவமாகவும் ஆகலாம்.

அச்சங்குளத்துக் கணக்கு

விளையாட்டு மருத்துவத்துக்கு முன்பே இக்கேள்வியைத் தொழிற்சட்டம் கேட்டிருந்தது. காயம்பட்ட தொழிலாளி வேலைக்குத் திரும்ப முடியுமா, முடியாவிட்டால் எவ்வளவு இழந்தார்? 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தின் அட்டவணை, கட்டைவிரலை இழந்தால் சம்பாதிக்கும் திறனில் 30 விழுக்காடு இழப்பு என்று கணக்கிட்டது. அது யாருடைய கட்டைவிரல், எந்த வேலைக்கு உதவிய விரல் என்று அட்டவணை கேட்கவில்லை. பட்டாசுக் கருந்திரி நறுக்குபவருக்கும் மூட்டை சுமப்பவருக்கும் ஒரே எண்.

2021 பிப்ரவரி 12 அன்று அச்சங்குளம் பட்டாசு ஆலையில் நடந்த வெடிவிபத்து இருபதுக்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோனது. பலர் தீக்காயத்தோடு பிழைத்தார்கள். கையில் ஆழமாகப் பட்ட தீக்காயம் ஆறும்போது தழும்பு சுருங்கி மூட்டை இழுக்கும். விரல்களை நீட்டி மடக்கும் பயிற்சியும் அழுத்தக் கையுறையும் மாதக்கணக்கில் வேண்டும். இங்கே ஓய்வா அசைவா என்ற பழைய வழக்கு ஐயமின்றித் தீர்ந்துவிட்டது: அசைக்காத கை முடங்கிப்போகும். தீராதது அடுத்த கேள்வி. மருந்து கலக்கும் அறைக்குத் திரும்புவது ‘முழு மீட்சி’ என்று கணக்கில் ஏறும். அதே அறையின் ஆபத்து அப்படியே இருக்கிறது. ஆட்டக்காரருக்காக வகுத்த மூன்றடுக்கு முறையில் ஏற்கத்தக்க ஆபத்தின் அளவு என்ற அடுக்கு உண்டு. தொழிலாளியின் அட்டவணையில் அது இல்லை. மீள்வருகையை வெற்றியாக மட்டும் எண்ணும் பழக்கத்தை இந்த ஒப்பீடு சற்றுத் தடுத்து நிறுத்துகிறது.

திறந்திருப்பவை

சில முடிவுகள் ஓரளவு உறுதிப்பட்டுவிட்டன. அளவான அசைவு நல்லது; அவசரம் கெடுதல்; நாட்காட்டியும் தேர்வும் சேர்ந்தே வேண்டும்; திரும்புதலைப் படிகளாகப் பிரித்துச் சொல்ல வேண்டும். ஆனால் இவற்றுக்கு ஆதாரமான ஆய்வுகளில் பெரும்பாலோர் இருபதுகளில் இருப்பவர்கள். பெரும்பாலும் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் ஆஸ்திரேலியாவிலும் ஆடுபவர்கள். முப்பத்தைந்தைக் கடந்த, மூன்றாம் முறை காயப்பட்ட ஒருவருக்கு அதே மாதக் கணக்கு பொருந்துமா என்பதற்கு நேரடிச் சான்று குறைவு. வயது ஏற ஏறத் தசை மெல்லத் தேறும் என்ற பொது அறிவை வைத்துக் காலத்தை நீட்டினால், அந்த நீட்சியிலேயே எஞ்சிய ஆட்ட ஆயுள் கரைகிறது. எட்டுப் பருவங்களில் ஒன்றை இழப்பதும், இருக்கும் ஒரே பருவத்தை இழப்பதும் ஒரே ஆபத்துக் கணக்கில் அடங்கவில்லை.

ஆய்வாளர்கள் இன்னும் அதிகம் தொடாத மற்றொன்று, மாறி ஆடுதலின் விலை. பாலாஜியைப் போல முறையை மாற்றித் திரும்புகிறவரின் புதிய அசைவு, புதிய இடத்தில் சுமை ஏற்றுகிறது. முதுகைக் காப்பாற்றிய வீச்சு தோளையோ முழங்காலையோ பத்தாண்டு கழித்து என்ன செய்கிறது என்பதை அறிய, ஓய்வு பெற்றவர்களைத் தொடர்ந்து பரிசோதிக்க வேண்டும். அத்தகைய தொடர்பரிசோதனை ஐரோப்பியக் கால்பந்திலும் வட அமெரிக்க ஐஸ் ஹாக்கியிலும் தொடங்கியிருக்கிறது. கோவில்பட்டியின் மண்தரையிலிருந்து செயற்கைத் தரைக்கு மாறிய தலைமுறை இப்போது ஐம்பதுகளிலும் அறுபதுகளிலும் இருக்கிறது. இரு தரைகளின் தேய்மானத்தையும் ஒரே முழங்காலில் சுமக்கும் அவர்களை அளந்து பார்த்தால், வேறெங்கும் கிடைக்காத தரவு அங்கே இருக்கும்.